குரல் இல்லாத சிங்கக்குட்டிகள்

பம்பாயின் ஒரு பாப் குழுவை உலகமே பார்த்துவிட்டது. பாடியது மட்டும் வேறொருவர்.

கறுப்பு முகமூடி அணிந்த பெண், தலைமுடி பறக்க, கழுத்து கழன்றுவிடுமோ என்று பயமுறுத்தும் வேகத்தில் ஆடுகிறார். பின்னால் எலெக்ட்ரிக் கிடார்கள் அதிர்கின்றன. டிரம்ஸின் முகப்பில் பெயர்: டெட் லயன்ஸ் அண்ட் ஹிஸ் கப்ஸ். காதில் விழும்போது சிங்கமும் அதன் குட்டிகளும். பீட்டில்ஸ் ஜுரம் உலகைப் பிடித்தாட்டிய நாட்களில் பம்பாய்க் குழு ஒன்றுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைத்திருக்காது.

படம் 'கும்நாம்' (1965). அகதா கிறிஸ்டி நாவலைத் தழுவியது. அதே நாவலின் சாயலில்தான் எஸ். பாலசந்தர் தமிழில் 'நடு இரவில்' (1970) எடுத்தார். ஹைதராபாத்தில், சார்மினார் பக்கமானாலும் நாச்சாரம் பக்கமானாலும், பழைய ரசிகர்களுக்கு 'கும்நாம்' என்றால் அவர்கள் ஊர் உருதுவில் வெளுத்துக்கட்டிய மெஹ்மூத்தான். வெளிநாட்டில் கேட்டால் பதில் வேறு: 'ஜான் பெஹசான் ஹோ'.

அந்தப் பாட்டில்தான் வேடிக்கையே. பாடியவர் முகம்மது ரஃபி. மெட்டு சங்கர்-ஜெய்கிஷன். மைக் முன்னால் வாயசைப்பவர் நடன அமைப்பாளர் ஹெர்மன் பெஞ்சமின். ஆடியவர் பதினேழு வயது லக்ஷ்மி சாயா. குழுவுக்கு மிஞ்சியது தோற்றம்தான். அதே ஆண்டு ஷம்மி கபூரின் 'ஜான்வர்' படத்திலும் தலைகாட்டினார்கள், பீட்டில்ஸ் பாணித் தலைமுடியுடன். மெட்டும் பீட்டில்ஸிடமிருந்து 'இரவல்'. குரல் அங்கேயும் ரஃபிதான்! தமிழ் சினிமா மட்டும் சும்மா இருந்ததா என்ன? 'காதலிக்க நேரமில்லை' (1964) வந்தபோது ட்விஸ்ட் ஆடாத கல்லூரி விழா உண்டா?

சினிமாவுக்கு வெளியே அன்றைய பாப் குழுக்களின் பிழைப்பு சிரமமானது. இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் நல்ல கிடார் கிடைப்பது குதிரைக் கொம்பு. உள்ளூர்த் தச்சர், ரேடியோ மெக்கானிக் தயவில்தான் பலரது கச்சேரி நடந்தது. ஹோட்டல்களிலும் கல்லூரிகளிலும் கேட்டது அயல்நாட்டுப் பாட்டு. சொந்தமாக எழுதினால் கேட்க ஆளில்லை. வேலை, கல்யாணம், வெளிநாட்டு விசா இவற்றில் ஏதாவது ஒன்று குழுவைக் கலைத்துவிடும். பெங்களூரில் ட்ரோஜன்ஸ் குழுவில் பாடிய பித்து, அந்தக் குழு கலைந்தபின், 1967இல் லண்டனுக்குக் கிளம்பினார். 1974இல் அவர் தயாரித்த 'குங் ஃபூ ஃபைட்டிங்' உலகெங்கும் லட்சக்கணக்கில் விற்றது.

ரஃபி 1980இலும் லக்ஷ்மி சாயா 2004இலும் மறைந்தார்கள். பாட்டு அடங்கவில்லை. 2001இல் 'கோஸ்ட் வேர்ல்ட்' என்ற அமெரிக்கப் படம் இந்தக் காட்சியோடுதான் தொடங்குகிறது, டி.வி.யில் அது ஓட, கதாநாயகி தோரா பர்ச் தன் அறையில் தனியாக ஆடுகிறார். 2011இல் ஹைனகன் பீர் விளம்பரத்தில் மறுபடி வந்தது. குட்டிகளை இத்தனை பேர் பார்த்தார்கள். பார்த்தார்கள், அவ்வளவுதான்.

அடுத்த தலைமுறைக்குக் கைகொடுத்தது, விசித்திரமாக, ஒரு சிகரெட். 'சிம்லா' சிகரெட்டின் பெயரில் நடந்த சிம்லா பீட் போட்டிக்கு ஊர் ஊராகக் குழுக்கள் திரண்டன. இறுதிச் சுற்று பம்பாய் சண்முகானந்தா அரங்கில்: மற்ற நாட்களில் கர்நாடக சங்கீதத்தில் திளைக்கும் அதே மேடையில்! 1970, 71 போட்டிகளின் பாடல்கள் எல்.பி. தட்டுகளாக வெளியாயின. புகையிலை வியாபாரிகளுக்கு இசைமீது அப்படியொன்றும் காதல் இருந்திருக்காது. ஆனாலும் சினிமா தராத ஒன்றை அவர்கள் தந்தார்கள். ஷில்லாங்கின் ஃபென்டோன்ஸ் முதல் தட்டில் இருக்கிறார்கள். சென்னையின் கன்ஃப்யூஷன்ஸும் இருக்கிறார்கள், இரவல் குரலில் அல்ல, தங்கள் சொந்தக் குரலில். அந்தத் தட்டுகளைப் பல ஆண்டுகள் கழித்து வெளிநாட்டு ரசிகர்கள் தேடியெடுத்து மறுபதிப்பு செய்திருக்கிறார்கள்.