மின்சாரம் நூற்கும் கரி இழையும் கிணற்று ஜலமும்

(ஒரு விவசாய டெமான்ஸ்டிரேட்டர்)

சென்ற கோடையில் குடியானவர் ஒருவர் தம் கிணற்று ஜலத்தின் பரிசோதனைச் சீட்டைக் கொணர்ந்து காட்டினார். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேற்படலாகாதென்பது இந்திய தர நிர்ணயம். அவர் கிணற்றில் அவ்வளவு கடந்திருந்தது. வீட்டில் கைக்குழந்தை இருந்தது. “தாமிரம் பொதிந்த கரி இழையால் இது நீங்குமாமே, வாங்கலாமா?” என்று வினவினார். அவருக்குக் கூறிய விடையையே யாவருக்கும் பயன்படுமாறு இங்கு எழுதுகிறேன்.

இராட்டையும் கதிருமின்றி, மின்சாரத்தின் இழுப்பினாலேயே நூற்கும் முறைக்கு 1902-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. பாலிஅக்ரிலோநைட்ரைல் என்னும் பொருளை டைமெதில் பார்மமைடு திரவத்தில் கரைத்து, அதனுடன் தாமிர உப்பொன்றைச் சேர்ப்பார்கள். இக்குழம்பை ஊசியின் வழியே மெல்லச் செலுத்தி, ஏறக்குறைய 15,000 வோல்டு மின்னழுத்தம் கொடுப்பார்கள். ஊசி முனையிலுள்ள துளி கூம்பாக நீண்டு, அதன் நுனியினின்று தாரையொன்று கிளம்பும். அது சாட்டைபோற் சுழன்று மெலிந்து, ஒரு சாணுக்குட்பட்ட தூரத்திலுள்ள தகட்டின்மேல் பாய்போலப் படியும். ஓரிழையின் பருமன் தலைமயிரின் பருமனில் நூற்றிலொரு பங்குக்கும் குறைவாகும்.

இப்பாயை முதலில் காற்றில் 250 முதல் 280 டிகிரி சென்டிகிரேடு வரை சூடாக்குவர். இதனால் இழை பின்னர் உருகாது. அதன்பின், மூட்டம் போட்டுக் கரி சுடுவதைப்போலக் காற்றை விலக்கி, நைட்ரஜன் வாயுவில் 800 டிகிரி அளவில் சுடுவர். இழை கரியாகும், உப்பிலிருந்த தாமிரம் நுண்ணிய மணிகளாகப் பிரிந்து இழைக்குள்ளேயே பதிந்து நிற்கும். அங்ஙனம் பதிந்திருப்பதால் மணிகள் ஒன்றோடொன்று திரள்வதும் ஜலத்தில் கழுவப்படுவதும் குறையும்.

ஆயினும், இப்பாயினூடே ஜலத்தை வடிகட்டினால் மட்டும் நைட்ரேட் போய்விடாது. இதனை எதிர்மின்வாயாக அமைத்து மின்சாரம் செலுத்தினாலன்றித் தாமிரம் தன் வேலையைச் செய்யாது. அப்பொழுதும் நைட்ரேட் முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர் அம்மோனியாவாகவும் மாறுகிறது. நைட்ரைட் அதனினும் கொடியது. அம்மோனியாவையோ ஜலத்தினின்று பிரித்தெடுத்தல் வேண்டும். பிரித்தால் அதுவே உரமாகும் என்பதனாலேயே ஆராய்ச்சியாளர் இதில் ஊக்கங்கொண்டுள்ளனர். வீட்டில் செய்து பார்க்கத்தக்க காரியமும் இதுவன்று; கரைக்கும் திரவம் நஞ்சு, மின்னழுத்தமோ உயிர்க்கு ஆபத்து.

ஆதலின் அக்குடியானவருக்கு நான் கூறியது இதுவே: குழந்தைக்கு அந்த ஜலத்தைக் கொடாதீர். காய்ச்சினால் நைட்ரேட் நீங்காது; ஜலம் சுண்டச் சுண்ட அதன் செறிவு மிகும். பரிசோதித்த வேறு ஜலத்தைக் கொணர்ந்து கொடுப்பீராக. யூரியாவை ஒரே தடவையில் கொட்டாமல், மண் பரிசோதனைப்படி பயிரின் பருவமறிந்து பிரித்து இடுவீராக. எருக்குழியைக் கிணற்றுக்குத் தொலைவில் அமைப்பீராக. பயிர் உண்ணாத உரமே கிணற்றில் இறங்குகிறது. அதனை மீட்கும் இழை ஆராய்ச்சிசாலையில் வளர்ந்து வருகிறது. இறங்காமற் காக்கும் உபாயமோ இன்றே நம் கையிலுள்ளது.