ஜாமீன் கேட்காத கடன்: ஒரு வங்கி விதி மாறியது எப்படி?

மகளிர் குழுவினர் தீர்மான நோட்டை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போய்க் கடன் கேட்பது இன்று சாதாரணம். 1980-களில் அப்படி இல்லை. பதிவு செய்யாத குழுவின் பெயரில் கணக்குத் தொடங்கவே வங்கிகள் தயங்கின. நிலப் பத்திரமோ நகையோ இல்லாத பெண்ணுக்குக் கந்துவட்டிக்காரர்தான் கதி.

பெங்களூரைச் சேர்ந்த மைராடா தொண்டு நிறுவனம் அப்போது ஒன்றைக் கவனித்தது. தான் தொடங்கிவைத்த பெரிய கூட்டுறவுச் சங்கங்கள் பிளவுபட்டபோது, விலகிய மக்கள் சும்மா இருக்கவில்லை. தெரிந்தவர்களாகச் சேர்ந்து சிறு குழுக்கள் அமைத்துச் சேமித்தார்கள், தங்களுக்குள் கடன் கொடுத்து வாங்கினார்கள். அந்த முயற்சியை வளர்த்துப் பார்க்க 1987-ல் தேசிய வேளாண், ஊரக வளர்ச்சி வங்கியான நபார்டு நிதி கொடுத்தது.

1989-ல் தருமபுரி மாவட்டத்தில் இன்னொரு கூட்டு உருவானது. பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம், தொண்டு நிறுவனங்கள், இந்தியன் வங்கி ஆகியவை கைகோத்தன. கிராமத்தில் குழு கட்டுவதையும் கணக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதையும் தொண்டு நிறுவனங்கள் பார்த்துக்கொண்டன. கடன் கொடுத்தது வங்கி.

இத்தகைய அனுபவங்கள்தான் விதியை அசைத்தன. குழுக்களுக்குக் கடன் கொடுக்கும் முயற்சியில் பங்கேற்குமாறு 1991-ல் ரிசர்வ் வங்கி வணிக வங்கிகளைக் கேட்டுக்கொண்டது. 1992-ல் 500 குழுக்களை இலக்காக வைத்து நபார்டு சோதனைத் திட்டம் தொடங்கியது. 1996-ல் குழுக்கடன் வங்கிகளின் வழக்கமான பணிகளில் ஒன்றாகவே ஆனது.

இந்தத் திட்டத்தில், உறுப்பினர்கள் 20 பேருக்கு மேல் போகாவிட்டால் குழுவைப் பதிவு செய்ய வேண்டியதில்லை. முதலில் சில மாதம் சேமிப்பு, உள்கடன். அந்த வரவுசெலவு நோட்டுதான் வங்கிக்கு ஆதாரம். பிறகு பொதுவாகச் சேமிப்பைப் போல நான்கு மடங்கு வரை கடன். அதை யாருக்கு, எதற்குக் கொடுப்பது என்பதைக் குழுவே முடிவு செய்யும். கொடுத்த கடனுக்காக வங்கிக்கு நபார்டு மறுநிதி அளிக்கும்.

இந்தக் கூட்டில் ஒவ்வொரு தரப்பும் தன் பிடியைக் கொஞ்சம் தளர்த்தியது என்பதே முக்கியம் என்று நினைக்கிறேன். வங்கி, சொத்து ஜாமீனை விட்டுக்கொடுத்தது. தொண்டு நிறுவனம், தான் வளர்த்த குழுவை வங்கியின் நேரடி வாடிக்கையாளராக்கிவிட்டு விலகி நின்றது. விதி மாறாமலே, நல்ல வங்கி மேலாளர் ஒருவர் மனது வைத்தாலும் உதவி கிடைத்திருக்கும். ஆனால் அவர் மாற்றலாகிப் போனதும் அது நின்றுபோயிருக்கும். சுற்றறிக்கையாக வந்த விதி கிளைக்குக் கிளை செல்லும்.

இன்று, மத்திய அரசின் தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின் கீழ் உள்ள குழுக்களுக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு ஜாமீன் கேட்கக் கூடாது, குழுவின் சேமிப்புக் கணக்கை முடக்கிவைக்கவும் கூடாது என்று ரிசர்வ் வங்கி சுற்றறிக்கையில் சொல்லியிருக்கிறது. உங்கள் குழுவிடம் யாராவது அப்படிக் கேட்டால், அந்தச் சுற்றறிக்கையைக் காட்டிக் கேள்வி கேளுங்கள்.