ஏப்ரல் 31-உம் மார்கழி 30-உம்

சூலக்கரையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் எழுதியிருக்கிறார். பைத்தான் படிக்கத் தொடங்கி, 2026-ஆம் ஆண்டின் எல்லாத் தேதிகளையும் வரிசையாக அச்சிட ஒரு நிரல் எழுதினாராம். பன்னிரண்டு மாதத்துக்கு ஒரு லூப், அதற்குள் முப்பத்தொரு நாளுக்கு இன்னொரு லூப். திரையில் ஏப்ரல் 31 வந்து நின்றது. முப்பது நாள் மாதங்களுக்கு ஒரு ‘இஃப்’ போட்டார், பிப்ரவரிக்குத் தனியாக ஒன்று, லீப் வருஷத்துக்கு மற்றொன்று. “தேதியைப் பட்டியல் போட இவ்வளவு பாடா?” என்பது அவர் கேள்வி. இந்தப் பாடு எதுவும் தேவையில்லை. லூப், இஃப் எல்லாம் அவருக்கே தெரிந்திருப்பதால் அவற்றுக்குள் போகவில்லை. அவர் எந்த இடத்தில் தொடங்கினார் என்பதுதான் சிக்கல். மாதத்தைப் பிடித்துக்கொண்டு நாளைத் தேடினார். நாளை எண்ணிவிட்டு, அதற்கு மாதப் பெயரைக் கடைசியில் எழுதியிருந்தால் அத்தனை இஃப்களும் உதிர்ந்துபோயிருக்கும்.

நெடுஞ்சாலையின் கிலோமீட்டர் கற்களைப் போன்றவை நாள்கள். வழியில் வரும் ஊர் பெரிதோ சிறிதோ, கல்லின் எண் ஒவ்வொன்றாகத்தான் கூடும். மாதங்கள் அந்த ஊர்கள். ஒன்று 28 கல் நீளம், இன்னொன்று 31. ஊர்களின் நீளத்தை நினைவில் வைத்துக் கல்லின் எண்ணைக் கண்டுபிடிக்க யாரும் முயல்வதில்லை. கணினியும் முயல்வதில்லை. யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்கள் 1970 ஜனவரி 1-ஐத் தொடக்கமாக வைத்து நேரத்தை எண்ணுகின்றன. எக்செல் 1900-லிருந்து எண்ணுகிறது. (அந்த எண்ணிக்கையில் 60-ஆவது நாளாக 1900 பிப்ரவரி 29 என்று உலகத்தில் விடியவே விடியாத ஒரு நாள் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு முன்பிருந்த லோட்டஸ் மென்பொருளின் பிழையோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காகத் தெரிந்தே வைத்தது, இன்றுவரை எடுக்கவில்லை.) ஆகவே மாணவர் செய்ய வேண்டியது இவ்வளவுதான். 2026 ஜனவரி 1 என்பதை ஒரே ஒருமுறை சொல்ல வேண்டும். 0 முதல் 364 வரை ஒரு லூப் ஓட்டி, ஒவ்வொரு சுற்றிலும் அத்தனை நாளைக் கூட்ட வேண்டும். ஏப்ரல் 30-க்கு அடுத்து மே 1 தானாக வரும்.

மேற்கத்திய இறக்குமதி என்று இதைத் தள்ள நினைப்பவர்கள் பஞ்சாங்கக் கணக்கைப் பார்க்கலாம். கி.மு. 3102 பிப்ரவரி 18, வெள்ளிக்கிழமை கலியுகம் பிறந்ததாக வைத்து, அன்றுமுதல் கழிந்த நாள்களின் எண்ணிக்கையை அகர்கணம் என்றார்கள். எந்தக் கணிதத்துக்கும் அந்த ஒற்றை எண்தான் முதல் படி. 2026 ஜனவரி 1 அன்று கழிந்திருந்த கலி நாள்கள் 18,72,576. ஏழால் வகுத்தால் மீதி 6. வெள்ளியிலிருந்து ஆறு நாள் தள்ளினால் வியாழன். இப்போது கணினியின் எண்ணிக்கையை எடுப்போம். 1970 ஜனவரி 1 ஒரு வியாழன். அன்றிலிருந்து 2026 ஜனவரி 1 வரை கழிந்தவை 20,454 நாள்கள். ஏழால் வகுத்தால் மீதி பூஜ்யம், அதாவது மறுபடியும் வியாழன். ஐயாயிரம் ஆண்டு தள்ளித் தள்ளித் தொடங்கிய இரண்டு எண்ணிக்கைகளும் ஒரே கிழமையில் வந்து சேர்வதற்குக் காரணம், இரண்டுமே மாதத்தை நம்பாததுதான். 1825-இல் சென்னையில் வெளியான ‘காலசங்கலித’ நூலில் ஜான் வாரன், பாண்டிச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணக்கர் சோழிகளைப் பரப்பி, மனப்பாட வாய்பாடுகளைக் கொண்டே சந்திர கிரகணம் கணித்த முறையை எழுதி வைத்திருக்கிறார். அந்த முறையிலும் நாள் எண்ணை 12,372-ஆல், பிறகு 3,031-ஆல், பிறகு 248-ஆல் என்று வரிசையாக வகுத்து மீதியை எடுப்பதுதான் வேலை. கடைசி மீதி, சந்திரனுக்குரிய 248 வாக்கியங்களில், அதாவது மனப்பாட வாய்பாடுகளில், எதை எடுப்பது என்று சொல்லும். நிரல் வகுப்பில் மீதி காணும் குறியை அறிமுகம் செய்யும்போது இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. நம் பாடப்புத்தகங்களோ பெரும்பாலும் ஒற்றைப்படை, இரட்டைப்படையோடு நின்றுவிடுகின்றன.

‘எண்ணும் வேலையை லைப்ரரி பார்த்துக்கொள்கிறது, நான் ஏன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அதே பைத்தானில் கால இடைவெளியைக் குறிக்கும் ‘டைம்டெல்டா’வுக்கு நாள் கொடுக்கலாம், வாரம் கொடுக்கலாம், விநாடி கொடுக்கலாம், மாதம் மட்டும் கொடுக்க முடியாது. மறந்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். மாதத்துக்கு நிலையான நீளம் இல்லை, எனவே அதைக் கூட்டலுக்குள் விடவில்லை. ஜனவரி 31-உடன் ஒரு மாதம் கூட்டினால் என்ன வரும் என்பதை வட்டிக்கடைக்காரரும் வங்கியும் வாடகைக்கு விட்டவரும் ஆளுக்கு ஒரு மாதிரிதான் சொல்வார்கள். அது கணிதக் கேள்வியே இல்லை, ஒப்பந்தக் கேள்வி. இது தெரியாமல் லைப்ரரியைத் திறப்பவர் தேதிக்குள் மாத எண்ணை மட்டும் மாற்றப் பார்த்து, பிப்ரவரி 31 கேட்டு, பிழைச் செய்தி வாங்கிக்கொண்டு நிற்பார்.

இன்னொரு எதிர்ப்பு, பட்டியல் வந்த பிறகு அதை எப்படி எழுதினால் என்ன, அது வெறும் அலங்காரம்தானே என்பது. அலங்காரத்தில்தான் ஆட்கள் விழுகிறார்கள். பைத்தானில் தேதியை எழுத்தாக்கும்போது சிறிய ‘எம்’ போட்டால் மாதம், பெரிய ‘எம்’ போட்டால் நிமிடம். தவறிப் பெரியதைப் போட்டால் பிழைச் செய்தி எதுவும் வராது. 15-00-2026 என்று நடுவில் இரண்டு பூஜ்யத்தோடு 365 வரியும் சமர்த்தாக அச்சாகும். வேறு சில மொழிகளில் ‘ஒய்’ எழுத்தைப் பெரிதாகப் போட்டால், அந்த வாரம் எந்த ஆண்டைச் சேர்ந்ததோ அந்த ஆண்டு வரும். 2014 டிசம்பர் 29 அன்று ட்விட்டர் ஆண்ட்ராய்ட் செயலியிலிருந்து ஏராளமானோர் வெளியே தள்ளப்பட்டபோது, சர்வர் அன்றைய தேதியை 2015 டிசம்பர் 29 என்று சொல்லிக்கொண்டிருந்தது. இதே எழுத்துதான் காரணம் என்று அப்போது பலரும் சுட்டிக்காட்டினார்கள். 2025 டிசம்பர் 29-உம் திங்கட்கிழமைதான். அந்த வாரமும் அடுத்த ஆண்டுக்கணக்கில் சேர்வதுதான். இன்னும் எளிய விபத்தும் உண்டு. 03-04-2026 என்று எழுதினால் நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்கருக்கு மார்ச் 4. அதையே எழுத்தாக வரிசைப்படுத்தினால் பிப்ரவரி 1-க்குப் பின்னால் ஜனவரி 2 வரும். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையை 1988-இல் ஐஎஸ்ஓ 8601 தரமாக்கியது இதற்காகத்தான். சேமிக்கும்போது அந்த வரிசை, காட்டும்போது நம் வழக்கம். இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பும் நிரல்கள் நம் கல்லூரிகளின் புராஜெக்ட்களில் கொட்டிக் கிடக்கின்றன. மதிப்பெண் மட்டும் குறைவதில்லை.

எண்ணுவது வேறு, எழுதுவது வேறு என்பதற்குச் சாட்சி மாணவரின் பக்கத்து ஊரிலேயே இருக்கிறது. ஆடிப்பெருக்கு அன்று அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்களை வெளியிடுவது சிவகாசி அச்சகங்களின் வழக்கம். அங்கே அச்சாகும் தினசரி காலண்டரின் ஒரு தாளைக் கிழித்துப் பாருங்கள். நடுவில் பெரிய எண். மேலே ஆங்கில மாதம், கிழமை. பக்கத்தில் தமிழ் ஆண்டு, மாதம், தேதி. கீழே திதி, நட்சத்திரம், நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், குளிகை, சூலம், சந்திராஷ்டமம். ஒரே நாள், அதை எழுதும் முறைகள் இத்தனை. இவற்றில் ராகு காலம் கிழமையை மட்டும் சார்ந்தது: திங்கள் 7.30 முதல் 9, வியாழன் 1.30 முதல் 3. ஏழு வரி அட்டவணையும் ஒரு மீதியும் இருந்தால் ஆண்டு முழுவதற்கும் எழுதிவிடலாம். தமிழ் ஆண்டின் பெயரும் அப்படித்தான், அறுபதால் வகுத்த மீதி. பிரபவ 1987-இல் வந்தது. அதிலிருந்து எண்ணினால் 2025 சித்திரையில் பிறந்தது விசுவாவசு, 2026-இல் பராபவ.

தமிழ்த் தேதிதான் அடங்காது. எனக்கு மிகவும் பிடித்ததும் அதுவே. ஆங்கில மாதங்களின் நீளம் யாரோ முடிவுசெய்தது. தமிழ் மாதங்களின் நீளத்தைச் சூரியன் முடிவுசெய்கிறது. ஒரு ராசியிலிருந்து அடுத்த ராசிக்குச் சூரியன் நுழையும் கணம்தான் மாதப் பிறப்பு. ஜூலைத் தொடக்கத்தில் பூமி சூரியனுக்கு மிகத் தொலைவில் மெதுவாக நகர்வதால் ஆனி நீளும். ஜனவரித் தொடக்கத்தில் அருகில் வேகமாக ஓடுவதால் மார்கழி சுருங்கும். 2024-இல் ஆனிக்கு 32 நாள், மார்கழிக்கு 29. அதோடு முடியவில்லை. நுழையும் கணம் சூரிய அஸ்தமனத்துக்கு முன்னால் என்றால் அன்றே மாதத்தின் முதல் நாள், பின்னால் என்றால் மறுநாள். இது தமிழ்நாட்டு விதி. மலையாளத்தில் எல்லை பிற்பகலிலேயே விழுந்துவிடும், வங்காளத்தில் நள்ளிரவு. 2026-இல் இதன் விளைவைக் கண்ணால் பார்த்தோம். இன்றைய வானியல் அளவுகளைப் பின்பற்றும் திருக்கணிதப்படி சூரியன் மகரத்தில் நுழைந்தது ஜனவரி 14 பிற்பகல் மூன்று மணிக்குப் பிறகு, பொழுது சாயும் முன்பே. அந்தக் கணக்கில் தை பிறந்தது புதன்கிழமை. மேலே சொன்ன பழைய வாக்கியங்களைப் பின்பற்றும் வாக்கியக் கணக்கிலோ தை முதல் நாள் வியாழன், ஜனவரி 15. அரசு பொங்கல் விடுமுறை விட்டதும் அன்றுதான். முந்தைய ஆண்டு 29 நாளில் முடிந்த மார்கழிக்கு இந்த முறை 30 நாள். வாக்கிய முறையின் ஆண்டு உண்மையான நட்சத்திர ஆண்டைவிட மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல் நீளமானது. அது நூற்றாண்டுகளாகச் சேர்ந்து சேர்ந்து ஒரு பண்டிகையையே ஒரு நாள் நகர்த்தும் அளவுக்கு வந்துவிட்டது.

அப்படியென்றால் நாளை எண்ணினால் போதும் என்ற வாதம் இங்கே உடைகிறதா? உடையவில்லை, எண்ணிக்கை அப்படியே இருக்கிறது. சூத்திரம் இல்லாத இடத்தில் அட்டவணை வேண்டும், அவ்வளவுதான். ஆண்டுக்குப் பன்னிரண்டு மாதப் பிறப்புத் தேதிகள் கையில் இருந்தால், எந்த நாளின் எண்ணிலிருந்தும் அதற்கு முந்தைய மாதப் பிறப்பின் எண்ணைக் கழித்து, ஒன்றைக் கூட்டினால் தமிழ்த் தேதி. ஜனவரி 14-இலிருந்து டிசம்பர் 16-ஐக் கழித்தால் 29, ஒன்று கூட்டினால் மார்கழி 30. முதல் பருவ மாணவர் செய்யக்கூடிய கழித்தல்.

ஆனால் அந்தப் பன்னிரண்டு வரியை எங்கே போய் எடுப்பது? உலகக் கணினிகள் பலவும் மொழி, நாட்காட்டி வழக்கங்களுக்கு நம்பியிருக்கும் யூனிகோடின் பொதுத் தரவுக் களஞ்சியத்தில் எபிரேய நாட்காட்டி உண்டு, எத்தியோப்பிய நாட்காட்டி உண்டு, 1957-இல் நம் அரசு ஏற்று மக்கள் பெரும்பாலும் புழங்காமல் விட்ட சக நாட்காட்டிகூட உண்டு. தமிழ்ச் சூரிய நாட்காட்டி இல்லை. பழைய பத்திரங்களில் நாள், மாதம், வருஷத்துக்கு எழுதிய ௳, ௴, ௵ குறிகளை 2003-இலேயே யூனிகோடில் ஏற்றிவிட்டோம். அவற்றுக்குப் பக்கத்தில் போட வேண்டிய எண்ணைத் தரும் வசதியைக் கேட்கவில்லை. கணித்தமிழ் மாநாடுகளில் எழுத்துருவுக்குக் கிடைத்த கவனத்தில் கால்வாசிகூட இதற்குக் கிடைக்கவில்லை என்பது என் மனக்குறை. தரவு இல்லாமலும் இல்லை. சிவகாசி காலண்டர்களில் ஆண்டுதோறும் அச்சாகி, ஆண்டு முடிந்ததும் குப்பைக்குப் போகிறது. அச்சக உரிமையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கைவசம் இருக்கும் பழைய காலண்டர்களிலிருந்து அறுபது ஆண்டு மாதப் பிறப்புகளை, வாக்கியம் எது, திருக்கணிதம் எது என்று குறித்து, எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி ஒரு கோப்பாக வெளியிடுங்கள். ஒரு முறைக்கு 720 வரிதான் வரும். சூலக்கரை மாணவருக்கு: காத்திருக்க வேண்டாம், வீட்டுச் சுவரில் தொங்கும் காலண்டரிலிருந்து முதல் பன்னிரண்டைத் தட்டச்சு செய்துவிடுங்கள்.