கூடப் போகலாம், சுடலாமா?

ஆந்திரத்துப் புத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் டீ குடித்துக்கொண்டு நின்றால் காதில் விழும் கேள்விகள் பெரும்பாலும் எலும்பைப் பற்றித்தான் இருக்கும். "கட்டுக்கு எந்தப் பக்கம் போகணும்?" என்று வெளியூர்க்காரர் ஒருவர் கேட்பார். பக்கத்தில் ஒரு பையன் துண்டில் கையைத் தொங்கவிட்டபடி முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்பான். போன வாரம் எனக்கு வந்தது வேறு கேள்வி. கேட்டவன் எங்கள் தெருத் தம்பி. மலையடிவாரத்தில் இரண்டு ஏக்கர் கடலை போட்டிருக்கிறான்.

"அண்ணா, என் சிநேகிதன்கிட்ட லைசன்ஸ் துப்பாக்கி இருக்கு. அவங்க அப்பா காலத்து இரட்டைக்குழல், இப்போ இவன் பேருக்கு மாத்திக்கிட்டான். எங்க கொல்லையில பன்னி எறங்கி உழுதுட்டுப் போகுது. ராத்திரி அவன்கூட நான் போனா தப்பா? அவன் பக்கத்துலயே நின்னு பாத்துக்கிட்டா நான் ஒரு வெடி போடலாமா?"

இரண்டாவது டீ சொன்னேன். ஒரு கிளாஸில் முடிகிற விஷயமில்லை.

இதில் பூட்டு இரண்டு இருக்கிறது. ஒன்று துப்பாக்கியின் பூட்டு, இன்னொன்று பன்றியின் பூட்டு. சாவி வைத்திருப்பதும் வேறு வேறு ஆள். துப்பாக்கி லைசன்ஸ் மாவட்ட அதிகாரியிடமிருந்து வருகிறது. பன்றி வனத்துறையைச் சேர்ந்தது. துப்பாக்கிக்கு லைசன்ஸ் இருந்தால் வேட்டைக்கும் சேர்த்து லைசன்ஸ் என்று நம் பக்கத்தில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படியே நினைத்துக்கொண்டு கோர்ட்டுக்கு நடந்தவர்களும் உண்டு.

முதலில் துப்பாக்கியைப் பார்ப்போம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், 3ஆம் பிரிவு. லைசன்ஸ் இல்லாதவன் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது, எடுத்துக்கொண்டும் போகக் கூடாது என்று சொல்லிவிட்டு, கீழேயே ஒரு சின்ன விலக்கு வைத்திருக்கிறது. லைசன்ஸ்காரர் கூடவே இருந்தாலோ, எழுத்தில் அனுமதி கொடுத்தாலோ, லைசன்ஸ் இல்லாத ஒருவர் அந்தத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போகலாம். எதற்காக? பழுது பார்க்க, லைசன்ஸைப் புதுப்பிக்க, அல்லது அந்த லைசன்ஸ்காரரே பயன்படுத்த. இந்தக் கடைசி வார்த்தைகளில்தான் விஷயம் இருக்கிறது. நீ தூக்கி வரலாம். சுடுகிற கை அவனுடையதாக இருக்க வேண்டும்.

கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழன் குடை பிடிக்கிறான், கைப்பையைச் சுமக்கிறான், கூடவே நடக்கிறான். முகூர்த்த நேரத்தில் "நீ களைச்சுப் போயிருக்க, நான் முடிச்சுப் போடறேன்" என்று முன்னால் வர முடியுமா?

தம்பி சிரித்தான். "ஆனா அவன் பக்கத்துல இருக்கானே அண்ணா?"

பக்கத்தில் இருப்பது, தூக்குவதற்குத்தான் செல்லும். துப்பாக்கியை உன் கையில் கொடுத்து 'சுடு' என்றால் சிக்கல் உன்னோடு நிற்காது. உரிமை இல்லாதவன் கையில் ஆயுதத்தை ஒப்படைத்ததற்கு 29ஆம் பிரிவில் அவன் மேலும் வழக்கு வரும். சிநேகிதத்துக்காகக் கொடுத்த துப்பாக்கியால் சிநேகிதன் லைசன்ஸே போகும். மேற்பார்வையில் சுட்டுப் பழக வேண்டுமா, அதற்கு அங்கீகாரம் பெற்ற ரைபிள் கிளப் இருக்கிறது. அங்கே குறி காகித வட்டம்.

வெளிநாட்டில் இப்படி இல்லை என்பதும் உண்மைதான். பிரிட்டனில் லைசன்ஸ் இல்லாதவரும், வயதும் மற்ற நிபந்தனைகளும் சரியாக இருந்தால், தனியார் நிலத்தில் துப்பாக்கிக்காரரின் கண் முன்னால் அதை வாங்கிச் சுடலாம். சட்டத்திலேயே இடம் இருக்கிறது. அமெரிக்காவில் பல மாநிலங்களில், பயிற்சி முடிக்காதவரை அனுபவமுள்ள வேட்டைக்காரர் கூட்டிப்போகத் தனி அனுமதிச் சீட்டே கொடுக்கிறார்கள். யூடியூபில் தம்பி பார்த்தது அதைத்தான். பார்த்த சட்டம் ஒன்று, இருக்கும் ஊர் ஒன்று.

நம் நாட்டில் இந்தக் கேள்வி மிகப் பெரிய அளவில் எழுந்த வழக்கு ஒன்று உண்டு. அவ்னி என்று பேப்பர்களில் பெயர் வந்த புலி. மகாராஷ்டிரத்தில் யவத்மால் மாவட்டம். பதிமூன்று பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட பெண்புலி. மயக்க ஊசி போட்டுப் பிடிக்கப் பார், முடியாவிட்டால் சுடு என்பது வனத்துறை உத்தரவு. சுப்ரீம் கோர்ட்டும் அதில் தலையிடவில்லை. ஹைதராபாத் வேட்டைக்காரர் நவாப் ஷஃபத் அலி கானை அரசாங்கமே வரவழைத்தது. 2018 நவம்பர் 2ஆம் தேதி இரவு புலி செத்தது. ஆனால் சுட்டவர் அவரில்லை, அவர் மகன் அஸ்கர் அலி கான். தந்தை அந்த இடத்திலேயே இல்லை. புலி பாய்ந்தது, தற்காப்புக்குச் சுட்டேன் என்றார் மகன். தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் அனுப்பிய குழு, அவருக்குச் சுடும் அனுமதி இல்லை, ஆயுதச் சட்டத்தின் 3(1) பிரிவு மீறப்பட்டது என்று எழுதியது. நான் இத்தனை நேரம் சொல்லிக்கொண்டிருக்கும் அதே பிரிவு. அரசாங்கம் அழைத்த ஆளின் சொந்த மகனுக்கே இந்தக் கேள்வி வந்தது. கடலைக் கொல்லையில் நிற்கும் நமக்கு வராதா?

இனி பன்றியின் பூட்டு.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது வேட்டை லைசன்ஸ் என்ற ஒன்று அதிலேயே இருந்தது. பெரிய விலங்குக்கு ஒன்று, சின்ன விலங்குக்கு ஒன்று என்று வகை வகையாக. 1991ல் திருத்தம் வந்து அதையெல்லாம் எடுத்துவிட்டார்கள். தாத்தா காலத்தில் ஜீப் பானட்டில் மானைக் கிடத்தி எடுத்த போட்டோவைக் காட்டி 'அப்பவே செஞ்சாங்களே' என்பவர்களுக்கு இதுதான் பதில். அந்தச் சீட்டு இன்று இந்தியாவில் யாரிடமும் இல்லை.

இந்தச் சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லுக்கு அர்த்தம் நாம் நினைப்பதைவிட அகலம். கொல்வது மட்டுமில்லை. பிடிப்பது, கண்ணி வைப்பது, இரை போட்டு இழுப்பது, கலைத்து விரட்டிக் கொண்டுவருவது, அதற்கு முயற்சி செய்வது, எல்லாம் வேட்டை. டார்ச் அடித்துக்கொண்டு புதரைத் தட்டிப் பன்றியை வெடிக்கு நேரே ஓட்டுகிறவனும் வேட்டைக்காரன்தான். 'நான் சும்மா கூடத்தான் போனேன் சார்' என்பது அங்கே நிற்காது.

நம் ஊர்ப் பெயரை உலகத்துக்குச் சொன்ன கட்டு வைத்தியமே வேட்டையில் தொடங்கியது என்று சொல்வார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், பக்கத்து ஈஸ்வராபுரத்தார் ஒருவர் காட்டில் முயல் பிடித்தார். அதன் கால் ஒடிந்தது. இலைகளைச் சுற்றி வைத்திருந்தார். பார்த்தால் கால் கூடி முயல் துள்ளியது. அந்த இலைதான் மருந்து. கதையை ஊரில் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். இன்று யாராவது அப்படி முயல் பிடித்தால் மருந்து கண்டுபிடிப்பதற்குள் ரேஞ்சர் ஆபீஸில் உட்கார்ந்திருப்பார். முயலும் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிற உயிர்.

விதிவிலக்கே இல்லையா என்றால், இருக்கிறது. 11ஆம் பிரிவு. உயிருக்கோ பயிருக்கோ ஆபத்தான விலங்கைக் கொல்ல, மாநிலத் தலைமை வனவிலங்குக் காப்பாளரோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ எழுத்தில் உத்தரவு போடலாம். எதற்காக என்ற காரணமும் அதில் இருக்க வேண்டும். 62ஆம் பிரிவில் மத்திய அரசு ஒரு விலங்கை, ஒரு பகுதிக்கு, ஒரு காலத்துக்கு மட்டும் 'தொல்லை உயிர்' என்று அறிவிக்கலாம். 2015, 2016ல் பீகாருக்கும் உத்தராகண்டுக்கும் காட்டுப்பன்றிக்காக அப்படி அறிவிப்பு வந்தது.

கேரளத்தில் 2022ல் இந்த அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்கள் வரைக்கும் இறக்கிவிட்டார்கள். பயிரை அழிக்கும் பன்றியைச் சுட ஊராட்சித் தலைவரே உத்தரவு போடலாம். அங்கேகூட விவசாயியிடம் லைசன்ஸ் இல்லை என்றால் அவர் லைசன்ஸ்காரரைக் கூப்பிட வேண்டும், தானே வாங்கிச் சுட முடியாது. விஷம், வெடி, கரண்டு எதுவும் கூடாது. நகரி தாண்டித் திருத்தணிப் பக்கம் போனால் சட்டம் இன்னும் இறுக்கம். தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் அறிவித்தபடி, காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடவே கூடாது. ஒன்றுக்கும் மூன்றுக்கும் நடுவில் பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்றைத் தாண்டினால் சுடலாம், அதுவும் பயிற்சி பெற்ற வனத்துறையினர் மட்டும்.

குடகில் கொடவர்களுக்குத் துப்பாக்கி லைசன்ஸே வேண்டாம் என்று விலக்கு உண்டு, 2029 வரை நீட்டியும் இருக்கிறார்கள். அது முதல் பூட்டுக்கு மட்டும். பன்றிப் பூட்டு அவர்களுக்கும் உண்டு.

நம் மலைக்கு இன்னொரு கூடுதல் சங்கடம் இருக்கிறது. இது செம்மரக் காடு. 2015 ஏப்ரலில் சேஷாசலத்தில், செம்மரம் வெட்ட வந்தார்கள் என்று போலீஸ் சுட்டதில் இருபது பேர் செத்தது இந்தப் பக்கத்தில் யாருக்கும் மறந்துபோகவில்லை. நடுராத்திரியில் டார்ச்சும் துப்பாக்கியுமாக இரண்டு பேர் மலையடியில் நின்றால், கடலைக்கு வந்தார்களா கட்டைக்கு வந்தார்களா என்று தூரத்திலிருந்து எவன் கண்டுபிடிப்பான்?

துப்பாக்கி வேண்டாம், கரண்டு வேலி போட்டுவிடுகிறேன் என்று இறங்குகிறவர்களையும் பார்க்கிறேன். அது துப்பாக்கியைவிட மோசம். துப்பாக்கியாவது ஆளைப் பார்த்துச் சுடும். கம்பிக்குப் பன்றியும் ஒன்றுதான், பாலமநேர் பக்கத்து யானையும் ஒன்றுதான், விடிகாலை தண்ணீர் பாய்ச்ச வருகிற பக்கத்துக் கொல்லைக்காரரும் ஒன்றுதான். பன்றிக்கு வைக்கிற நாட்டு வெடியும் அப்படித்தான்; அந்த அவுட்டுக்காயை மாடு கடித்து வாய் கிழிந்து நின்றதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத மனம் வரவில்லை.

"அப்போ நான் என்னதான் செய்யறது?"

மேய்ந்த இடத்தைப் போட்டோ எடு. சர்வே நம்பரோடு மனு எழுதி ரேஞ்சர் ஆபீஸில் கொடுத்து நகலில் முத்திரை வாங்கு. நஷ்டஈடும் கேள், சுட உத்தரவும் கேள். உத்தரவு எழுத்தில் வந்து, அதில் உன் சிநேகிதன் பெயர் இருந்தால் அவன் சுடட்டும். பெட்டியை நீ தூக்கு.

தம்பி கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு குரலைத் தாழ்த்தி, உண்மையில் கேட்க வந்ததைக் கேட்டான்.

"உத்தரவு வாங்கிச் சுட்டா கறியாவது நமக்குத்தானே அண்ணா?"

இல்லை தம்பி. செத்த பன்றி சர்க்கார் சொத்து. வனத்துறை பார்த்து, குறித்துக்கொண்டு, குழி தோண்டிப் புதைத்துவிடும்.