கைது செய்யாத போலீசை யார் கேட்பது?

நீதிமன்றம் கொடுத்த தடை உத்தரவின் பின்பக்கத்தில் போலீசாருக்கென்றே ஒரு பகுதி அச்சாகியிருந்தது. உத்தரவை நிறைவேற்ற நியாயமான எல்லா வழிகளையும் கையாள வேண்டும். மீறியவரைக் கைது செய்ய வேண்டும். உடனே கைது செய்ய இயலாவிட்டால் வாரன்ட் கேட்டு வாங்க வேண்டும். அமெரிக்காவின் கொலராடோ மாநிலச் சட்டம் போலீசுக்கு இட்ட கட்டளையும் இதுதான்.

1999 ஜூன் 22. கொலராடோவின் காசில் ராக் நகரில், வீட்டுக்கு வெளியே விளையாடிக்கொண்டிருந்த தன் மூன்று மகள்களைக் காணாமல் தேடினார் ஜெசிகா கொன்சாலெஸ். அந்தத் தடை உத்தரவுக்கு உட்பட்டிருந்த, பிரிந்து வாழ்ந்த கணவர்தான் அழைத்துப் போயிருந்தார். முன்கூட்டிச் சொல்லி, குறித்த நாட்களில் பிள்ளைகளைப் பார்க்க உத்தரவில் அவருக்கு அனுமதி உண்டு. அன்றைக்கு அப்படி எந்த ஏற்பாடும் இல்லை.

பின்னாளில் அவர் தொடுத்த வழக்கின் மனு, அந்த இரவை மணிவாரியாகச் சொல்கிறது. ஏழரைக்குப் போலீசுக்கு முதல் அழைப்பு. வந்த இரு காவலர்களிடம் உத்தரவைக் காட்டினார். பத்து மணி வரை பாருங்கள் என்றார்கள். எட்டரைக்குக் கணவரே பேசினார்: பிள்ளைகளோடு டென்வரில் ஒரு கேளிக்கைப் பூங்காவில் இருக்கிறாராம். இடம் தெரிந்துவிட்டது, போய்ப் பிடியுங்கள் என்று மீண்டும் போலீசைக் கெஞ்சினார். அப்போதும் பதில், பத்து மணி வரை பொறுங்கள். பத்து மணி தாண்டியதும், நள்ளிரவு வரை பொறுங்கள். நள்ளிரவும் கடந்து 12.50-க்கு ஸ்டேஷனுக்கே நேரில் போனார். புகாரை எழுதி வாங்கிய அதிகாரி, சாப்பிடக் கிளம்பிவிட்டார். அதிகாலை 3.20-க்குக் கணவர் துப்பாக்கியோடு அதே ஸ்டேஷனுக்கு வந்து சுட ஆரம்பித்தார். போலீசார் திருப்பிச் சுட்டதில் இறந்தார். அவருடைய வண்டிக்குள் மூன்று சிறுமிகளின் உடல்கள் கிடந்தன.

உச்ச நீதிமன்றத்தின் பதில்

ஜெசிகா நகர நிர்வாகத்தின் மீது வழக்குப் போட்டார். 2005 ஜூன் 27 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஆன்டனின் ஸ்கலியா. சட்டம் என்னதான் கட்டாயமாகப் பேசினாலும், யாரை எப்போது கைது செய்வது என்பது காலங்காலமாகப் போலீசின் முடிவுக்கு விடப்பட்டது. அந்தக் கைதை அரசியல் சாசன உரிமையாக ஒரு தனிமனிதர் கேட்க முடியாது என்பது அவர் வாதம். நீதிபதிகள் ஸ்டீவன்ஸும் கின்ஸ்பர்கும் மறுத்தார்கள். குடும்ப வன்முறை வழக்குகளில் போலீசின் அந்த விருப்புரிமையைப் பறிக்கத்தானே மாநிலங்கள் இப்படிச் சட்டம் எழுதின என்பது அவர்கள் கேள்வி.

வரலாறு அவர்கள் பக்கம் நிற்கிறது. 1970-கள் வரை கணவன் மனைவியை அடிப்பது ‘குடும்பச் சண்டை’. போலீஸ் வரும், சமாதானம் பேசும், போய்விடும். 1976-ல் பென்சில்வேனியா பாதுகாப்பு உத்தரவுக்கென்று தனிச்சட்டம் கொண்டுவந்தது. மறு ஆண்டே ஓரிகன், உத்தரவை மீறினால் கைது கட்டாயம் என்றது. கனெக்டிகட் மாநிலத்தின் டாரிங்டனில் 1983-ல் டிரேசி தர்மன் என்ற பெண்ணைப் பிரிந்த கணவர் பலமுறை கத்தியால் குத்தினார். போலீஸ் வந்த பிறகும், அதிகாரியின் கண் முன்னாலேயே அவர் தலையில் உதைத்தார். அந்தப் பெண் முன்பு கொடுத்த புகார்கள் எதுவும் பலிக்கவில்லை. போலீஸ் மீது அவர் தொடுத்த வழக்கில் ஜூரி 23 லட்சம் டாலர் இழப்பீடு விதித்தது. 1986-ல் கனெக்டிகட்டும் கட்டாயக் கைதுச் சட்டத்துக்கு வந்தது.

பிழையும் திருத்தமும்

கட்டாயக் கைது தனக்கென்று ஒரு சிக்கலையும் கொண்டுவந்தது. அடி வாங்கிய பெண் தற்காப்புக்காகக் கையை ஓங்கியிருந்தால் இருவரையுமே பிடித்துப் போவது கனெக்டிகட்டில் வழக்கமானது. யார் ஆரம்பித்தது, யாரால் ஆபத்து என்று விசாரித்து முடிவெடுப்பதைவிட இருவர் கையிலும் விலங்கு மாட்டுவது காவலருக்கு எளிது. உதவி கேட்டுப் போன் செய்தால் தானே சிறைக்குப் போக நேரும் என்று தெரிந்த பெண், அடுத்த முறை போன் செய்யத் தயங்குவாள். கடைசியில் 2018-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். சண்டையில் மேலோங்கி நிற்கும் ஆக்கிரமிப்பாளர் யார் என்பதைப் போலீஸ் அடையாளம் காண வேண்டும் என்ற விதி 2019 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது.

மற்ற மாநிலங்கள் தண்டனையை ஏற்றின. டெக்சஸில் 12 மாதங்களுக்குள் இரண்டு முறை மீறினாலே அது பெருங்குற்றம். 2 முதல் 10 ஆண்டுகள் வரை சிறை. இல்லினாய், தடை உத்தரவை மீறியவர்மேல் ஜி.பி.எஸ். கருவி பொருத்த 2008-ல் சட்டம் இயற்றியது. இத்தகைய உத்தரவுக்கு உட்பட்டவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்ற 1994-ம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டத்தை, 2024-ல் ரஹிமி வழக்கில் உச்ச நீதிமன்றம் 8-க்கு 1 என்று உறுதி செய்தது. ஆனால் அந்தத் துப்பாக்கியை யார் போய், எத்தனை நாளுக்குள் வாங்கி வைப்பது என்பதை மாநிலங்கள்தான் தனியே எழுத வேண்டியிருக்கிறது.

இவையெல்லாம் மீறுபவரை நோக்கிய சட்டங்கள். காசில் ராக்கில் கணவருக்கான தண்டனை போதாமல் இருந்தது பிரச்சினையே அல்ல. பத்து ஆண்டு சிறை என்று எழுதியிருந்தாலும், பூங்காவுக்குப் போய்ப் பார்க்க ஒரு காவலர் கிளம்பாதவரை அந்த எண்ணால் என்ன பயன்?

ஓரிகன் காட்டிய வழி

பதில் 1983-லேயே கிடைத்துவிட்டது. நியரிங் எதிர் வீவர் என்ற வழக்கில் ஓரிகன் மாநில உச்ச நீதிமன்றம், கைது கட்டாயம் என்று சட்டம் சொன்ன பிறகும் போலீஸ் கைவிட்டால், பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடரலாம் என்றது. கூட்டாட்சி அரசியல் சாசனத்தைத் துணைக்கு அழைக்கவில்லை; மாநிலச் சட்டமே போதுமானதாக இருந்தது. ஸ்கலியாவும் தன் தீர்ப்பின் முடிவில் இந்தக் கதவைத் திறந்தே வைத்தார்: போலீசைப் பணரீதியாகப் பொறுப்பாக்கும் ஏற்பாட்டைக் கொலராடோ மக்கள் விரும்பினால் தங்கள் மாநிலச் சட்டத்தில் செய்துகொள்ளலாம் என்றார்.

ஜெசிகா அதோடு நிற்கவில்லை. அமெரிக்க நாடுகளிடை மனித உரிமை ஆணையத்துக்குப் போனார். தாயையும் மகள்களையும் காக்க அமெரிக்க அரசு தவறியது மனித உரிமை மீறல் என்று 2011-ல் ஆணையம் முடிவு சொன்னது. சிறுமிகள் எப்போது, எங்கே, எப்படி இறந்தார்கள் என்பதை முறையாக விசாரிக்கும்படியும், தடை உத்தரவுகளை நிறைவேற்றுவதைக் கட்டாயமாக்கிச் சட்டங்களை வலுப்படுத்தும்படியும் பரிந்துரைத்தது. ஆனால் அந்த முடிவை அமெரிக்கா மீது திணிக்கும் அதிகாரம் அதனிடம் இல்லை.

ஆகவே பந்து மாநிலச் சட்டமன்றங்களிடம்தான் இருக்கிறது. தண்டனையைக் கூட்டும் மசோதா வாக்குகளைப் பெற்றுத் தரும். அதை எதிர்க்க யாரும் எழுந்து நிற்க மாட்டார்கள். போலீசைப் பொறுப்பாக்கும் மசோதா அப்படியல்ல. நகராட்சிகளின் கஜானா பயப்படும், காவலர் சங்கங்கள் முறைக்கும். தடை உத்தரவு மீறல் பற்றி எந்த மாநிலம் புதுச் சட்டம் கொண்டுவந்தாலும், எத்தனை ஆண்டு சிறை என்பதைத் தாண்டி அடுத்த பக்கத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டும். உதவி கேட்டு வந்த அழைப்பைத் தட்டிக்கழித்த காவல் துறை யாருக்குப் பதில் சொல்லும் என்று அங்கே எழுதியிருக்கிறதா? இல்லையென்றால், அந்தச் சட்டம் மீறுபவரைத் தண்டிக்கக்கூடும். உத்தரவைக் கையில் வைத்திருப்பவரைக் காப்பாற்றாது.