குழந்தைக்கு மருந்து அளக்கும் முறை

குழந்தைக்குச் சுரம் கண்டவுடன் சமையலறைக் கரண்டியில் மருந்தை ஊற்றிப் புகட்டுவது நம் இல்லங்களில் சர்வ சாதாரணமாக நடைபெறும் காரியமே எனினும், ஒரு வீட்டுக் கரண்டி 3 மில்லி கொள்ள, மற்றொன்று 7 மில்லி கொள்ளக் கூடுமாதலால், வைத்தியர் ஒரு டீஸ்பூன் என்று கருதும் 5 மில்லி என்னும் பிரமாணம் அங்கேயே பிழைபட்டுப் போகிறது.

இதனினும் அபாயகரமானது, ஒரே மருந்து வெவ்வேறு வீரியத்தில் விற்கப்படுவதை அறியாதிருத்தல். பாராசிட்டமால் சிரப்பில் பெரும்பாலும் 5 மில்லிக்கு 120 அல்லது 250 மில்லிகிராம் மருந்து இருக்க, கைக்குழந்தைகளுக்குரிய சொட்டு மருந்திலோ 1 மில்லியிலேயே 100 மில்லிகிராம் அடங்கியிருப்பதால், முன்னதன் அளவைப் பின்னதற்குப் பிரயோகித்தால் குழந்தையின் ஈரலுக்கே கேடு விளையக்கூடும். அன்றியும், அளவு உடல் எடையை ஆதாரமாகக் கொண்டு நிர்ணயிக்கப்படுவதாதலால், மூத்த பிள்ளைக்கு எழுதிய சீட்டு இளையதற்குப் பொருந்தாது.

அளப்பதற்கு ஊசியில்லாத சிரிஞ்சே உத்தமம். குப்பியைக் குலுக்கி, மருந்தை இழுத்து, காற்றுக் குமிழியை வெளியேற்றி, கோட்டைக் கண்ணுக்கு நேராகப் பார்த்த பின், குழந்தையைத் தலை நிமிர்த்தி மடியில் வைத்து, உட்கன்னத்தின் ஓரமாகச் சிறிது சிறிதாகச் செலுத்த வேண்டும். படுக்க வைத்து, மூக்கைப் பிடித்துத் தொண்டையில் ஊற்றினால் மருந்து சுவாசக் குழாயில் புகுந்துவிடக்கூடும். பால் புட்டியில் கலந்தாலோ, மிஞ்சும் பாலோடு மருந்தும் வீணாகும். வாந்தியெடுத்தால் வைத்தியரைக் கேளாமல் மறுமுறை கொடுக்கலாகாது. கொடுத்த வேளையைக் குறித்து வைத்தால், தாய் கொடுத்ததை அறியாமல் பாட்டியும் கொடுக்கும் விபரீதம் நேராது.

ஆகவே பெற்றோர்களே, எத்தனை மில்லி, எத்தனை வேளை என்பதைக் கேட்டு, சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.