முதல் பிறந்தநாள் வரை: எதற்குக் கெடு, எதற்குப் பொறுமை?

வீட்டில் முதல் குழந்தை பிறந்துவிட்டால், அடுத்த ஒரு வருடத்துக்கு யோசனைகளுக்குப் பஞ்சமே இருக்காது. பாட்டி ஒன்று சொல்வார், எதிர்வீட்டு அக்கா இன்னொன்று சொல்வார், வாட்ஸ்அப்பில் மூன்றாவதாக ஒன்று வரும். இதில் எதைக் கேட்பது? ஒன்றை மட்டும் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். இந்த வருடத்தில் சில வேலைகளுக்குக் கெடு உண்டு; தள்ளிப்போட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான். சிலவற்றுக்குக் கெடுவே இல்லை, அவசரப்பட்டால்தான் தொல்லை.

கெடு உள்ளவற்றில் முதலாவது பிறப்புப் பதிவு. ஆஸ்பத்திரியிலேயே விவரம் அனுப்பிவிடுவார்களே, நமக்கென்ன வேலை என்று கேட்கலாம். அனுப்புவார்கள். ஆனால் அப்பா பெயர், அம்மா பெயர், இனிஷியல், முகவரி எல்லாம் உங்கள் ஆதாரில் உள்ளபடியே எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டியவர் நீங்கள். வீடு திரும்பும் முன்பே படிவத்தை வாங்கி ஒருமுறை படித்துவிடுங்கள். கர்ப்ப காலத்தில் கொடுத்த பதிவு எண்ணையும் (தமிழ்நாட்டில் பிக்மி எண் என்பார்கள்) கையில் வைத்திருங்கள். பிறப்பைப் பதிய அதைக் கேட்பார்கள். பிறந்து 21 நாட்களுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. தாமதமாக ஆக, அபராதமும் அலைச்சலும் கூடும். ஒரு வருடம் தாண்டிவிட்டால் மாஜிஸ்திரேட் அளவிலான அதிகாரியின் உத்தரவு வேண்டும்.

ஒரு சான்றிதழுக்கு ஏன் இவ்வளவு அழுத்தம்? 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல் என எல்லாவற்றுக்கும் பிறந்த தேதியை நிரூபிக்கும் ஆவணம் இது ஒன்றுதான். இன்று ஓர் எழுத்து பிசகினால், பள்ளியில் சேர்க்கும்போது அது பெரிய வேலையாக வந்து நிற்கும்.

பெயர் இன்னும் முடிவாகவில்லையா? பதற வேண்டாம். பெயர் இல்லாமலே பிறப்பைப் பதியலாம். 12 மாதத்துக்குள் பெயரைச் சேர்த்தால் கட்டணம் கிடையாது. அதன் பிறகு தாமதக் கட்டணம் உண்டு. தாத்தா பெயரா, ஜாதக எழுத்தா என்று வீட்டில் பேசித் தீர்க்க நிறைய அவகாசம் இருக்கிறது. ஆனால் முதல் பிறந்தநாளுக்குள் முடித்துவிடுங்கள்.

இரண்டாவது கெடு தடுப்பூசி. பிறந்தவுடன் மூன்று: காசநோய்க்கு பிசிஜி, போலியோ சொட்டு, மஞ்சள் காமாலை பி வகைக்கான ஊசி. பிறகு 6, 10, 14-வது வாரங்களில் பென்டாவேலன்ட் (ஐந்து நோய்களைத் தடுக்கும் ஒரே ஊசி) முதலானவை. 9 மாதம் முடிந்ததும் தட்டம்மை-ரூபெல்லா. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இவை அனைத்தும் இலவசம். அங்கே தரும் அட்டையில் அடுத்த தேதியை எழுதித் தருவார்கள்; அதை ஃபோனில் படம் எடுத்துக் கணவன் மனைவி இருவரும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊசி போட்ட அன்று காய்ச்சல் வந்தால்? பென்டாவேலன்டுக்குப் பிறகு ஓரிரு நாள் காய்ச்சலும் போட்ட இடத்தில் வீக்கமும் சாதாரணம். நர்ஸ் சொன்ன அளவில் மருந்து கொடுத்தால் போதும். வீங்கிய இடத்தைத் தேய்க்க வேண்டாம். இரண்டு நாளுக்கு மேல் காய்ச்சல் நீடித்தாலோ, குழந்தை பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ டாக்டரிடம் போங்கள். பிசிஜி போட்ட இடத்தில் சில வாரம் கழித்துச் சின்னக் கொப்புளம் வந்து, உடைந்து, தழும்பாகும். அதற்கு எந்த மருந்தும் தடவ வேண்டியதில்லை.

ஊருக்குப் போனதில் ஒரு தேதி தவறிவிட்டதா? முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். திட்டுவார்களோ என்று தயங்கிப் போகாமலே இருப்பதுதான் பெரிய தவறு.

மூன்றாவது கெடு சாப்பாடு. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். அக்னி நட்சத்திர வெயிலில் ஒரு சங்கு தண்ணீராவது கொடுக்க வேண்டாமா என்று பெரியவர்கள் கேட்பார்கள். வேண்டாம். தாய்ப்பாலில் பெரும்பகுதி தண்ணீர்தான். அடிக்கடி பால் கொடுத்தாலே தாகம் தீரும். சேனை, சர்க்கரைத் தண்ணீர், உரைமருந்து எதுவும் வேண்டாம். தேன் ஒரு வயது வரை கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி, இந்த வயதுக் குழந்தையின் குடலில் பெருகி நரம்புகளைத் தளர்த்தும் நஞ்சை உண்டாக்கலாம். பெரியவர்கள் அன்பினால்தான் கொடுக்கிறார்கள். அதனால் சண்டை போடாமல், அவர்களையும் ஒருமுறை டாக்டரிடம் உடன் அழைத்துப் போங்கள். டாக்டர் வாயால் கேட்டால் வீட்டில் பேச்சு சுலபமாக முடியும்.

ஆறு மாதம் முடிந்ததும் திட உணவு தொடங்க வேண்டும். இன்னும் கொஞ்சம் போகட்டும் என்று எட்டு மாதம் வரை தள்ளாதீர்கள். பிறக்கும்போது குழந்தை உடலில் சேர்த்துக்கொண்டு வந்த இரும்புச்சத்து இந்த வயதில் குறையத் தொடங்கும்; பால் மட்டும் அதை ஈடுகட்டாது.

எதைக் கொடுப்பது? கேழ்வரகுக் கூழ், குழைத்த பருப்பு சாதம், இட்லி, மசித்த வாழைப்பழம், அவித்த காய், கீரை. முட்டையும் முள் நீக்கிய மீனும் கொடுக்கலாம். அங்கன்வாடியில் தரும் சத்துமாவை வாங்கிப் பயன்படுத்துங்கள். அது உங்கள் குழந்தைக்கு உரியது. பல வீடுகளில் பருப்புத் தண்ணீரை மட்டும் வடித்துக் கொடுக்கிறார்கள். சத்து அடியில் தங்கிய பருப்பில்தான் இருக்கிறது. அதையே மசித்துக் கொடுங்கள். கரண்டியைச் சாய்த்தால் ஒழுகாத கெட்டிப் பதம்தான் சரி. ஒரு நாளைக்கு ஒரு வேளை, இரண்டு மூன்று ஸ்பூனில் தொடங்குங்கள். புது உணவு ஒன்று கொடுத்தால், இரண்டு மூன்று நாள் கழித்து அடுத்தது. ஒரு வயது வரை உப்பும் சர்க்கரையும் சேர்க்காதீர்கள். முழு வேர்க்கடலை, திராட்சை, முறுக்குத் துண்டு தொண்டையில் அடைக்கும். கைக்கெட்டும் இடத்தில்கூட வைக்க வேண்டாம்.

இனி, கெடு இல்லாதவை. பக்கத்து வீட்டுக் குழந்தை பத்து மாதத்தில் நடந்துவிட்டது, நம் குழந்தை இன்னும் நிற்கக்கூட இல்லையே? உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, தனியாக நடப்பது எட்டு மாதத்திலிருந்து பதினேழு பதினெட்டு மாதம் வரை எப்போது வேண்டுமானாலும் வரலாம். சில ஆரோக்கியமான குழந்தைகள் தவழாமலே எழுந்து நடந்துவிடுகிறார்கள். சீக்கிரம் நடக்கட்டும் என்று உட்கார வைக்கும் சக்கர வாக்கரை வாங்காதீர்கள். அது நடையைக் கற்றுத்தராது, படியில் உருண்டு விழுந்து அடிபடுவதும் அதிகம். கனடா 2004-லேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டது. நம் ஊர் மர நடைவண்டி வேறு; தானாக நிற்கத் தெரிந்த குழந்தை, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது அதைத் தள்ளி நடக்கலாம்.

அம்மாவின் தேறுதலுக்கும் கெடு வைக்காதீர்கள். பிரசவமான சில நாளில் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம். அது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வராமல் போனால், அது சோம்பலோ பிடிவாதமோ அல்ல. சிகிச்சை உள்ள நோய். டாக்டரிடம் சொல்லுங்கள், மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணில் இலவசமாகப் பேசலாம். அப்பாக்களுக்கு ஒரு வார்த்தை: பால் கொடுப்பதைத் தவிர மற்ற எல்லாம் உங்களாலும் முடியும். இரவில் ஏப்பம் விட வைப்பது, துணி மாற்றுவது, தோளில் போட்டுத் தூங்கவைப்பது உங்கள் வேலையாக இருக்கட்டும்.

வெளியே எப்போது கிளம்பலாம்? குலதெய்வக் கோயிலில் மொட்டையும் காதுகுத்தும் பல குடும்பங்களின் முதல் பெரிய பயணம். மூன்று தவணை ஊசி முடிந்த பிறகு காது குத்துங்கள்; பென்டாவேலன்டில் ரணஜன்னிக்கான (காயம் வழியாக வரும் தசை இறுக்க நோய்) பாதுகாப்பும் சேர்ந்திருக்கிறது. மொட்டைக்குக் கண்ணெதிரே புது பிளேடு மாட்டச் சொல்லுங்கள். இந்து சமய அறநிலையத் துறைக் கோயில்களில் 2021 முதல் முடி காணிக்கைக்குக் கட்டணம் இல்லை.

எதில் போவது? தமிழ்நாடு அரசுப் பேருந்தில் ஐந்து வயது வரை டிக்கெட் இல்லை. ரயிலிலும் ஐந்து வயதுக்குக் கீழே தனிப் படுக்கை கேட்காவிட்டால் இலவசம். கீழ் படுக்கையாகப் பார்த்து முன்பதிவு செய்து, குழந்தையைச் சுவர்ப் பக்கம் படுக்க வையுங்கள். பைக்கை மட்டும் தவிர்த்துவிடுங்கள். நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தையை ஏற்றினால் ஓட்டுபவரோடு இணைக்கும் பாதுகாப்புப் பட்டை கட்டாயம், வேகம் 40 கிலோமீட்டருக்கு மேல் கூடாது, ஒன்பது மாதம் முதல் ஹெல்மெட்டும் வேண்டும் என்கிறது விதி. கைக்குழந்தையை மடியில் வைத்து நடுவில் உட்கார்வதற்குச் சட்டத்தில் இடமில்லை. ஒரு சடன் பிரேக்கில் எந்தக் கையாலும் பிடித்துக்கொள்ள முடியாது. ஆட்டோவுக்கோ பஸ்ஸுக்கோ கூடுதலாகும் காசைக் கணக்குப் பார்க்காதீர்கள்.

பையில் என்ன வைப்பது? ஆறு மாதத்துக்கு முன்பு என்றால் மாற்றுத் துணி போதும், சாப்பாடு அம்மாவிடம் இருக்கிறது. அதற்குப் பிறகு வறுத்த சத்துமாவு, ஃபிளாஸ்கில் வெந்நீர், கிண்ணம், ஸ்பூன், காய்ச்சல் மருந்து. தடுப்பூசி அட்டையையும் மறக்காமல் எடுத்து வையுங்கள். வெளியூரில் ஊசித் தேதி வந்தால் அங்குள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே போட்டுக்கொள்ளலாம்.